யாரும் தொடக்கூடாத வண்டி

ஜூன் மாதம் பிறந்தால் சொலாஞ்ச் தன் படுக்கையறையைக் காலி செய்துவிடுவாள். அவளும் கணவன் லூசியேனும் சமையலறைக்குப் பின்னால் உருளைக்கிழங்கு மூட்டைகள் கிடக்கும் அறைக்குக் குடிபோவார்கள். ஆர்னாஜ் ஊரில் பாதி வீடுகளில் அந்த மாதம் இதே கதைதான். இருபத்துநாலு மணி நேரப் பந்தயத்துக்குக் கார் கொண்டுவருகிறவர்கள் எங்கேயாவது தலை சாய்க்க வேண்டுமே. பெரிய கம்பெனிகள் லெ மான் நகரத்து ஓட்டல்களை மொத்தமாக வளைத்துப் போட்டுக்கொள்ளும்; சமையல்காரரைக்கூடக் கையோடு அழைத்து வரும். மாதத்துக்கு ஒரு கார் செய்து விற்கிற சின்னக் கம்பெனிகள்தான் சொலாஞ்ச் போன்றவர்களின் கதவைத் தட்டும். அவர்களுடைய கார் கொட்டகையில் வைக்கோலுக்குப் பக்கத்தில் நிற்கும். கோழிகள் அதன்மேல் ஏறாமல் பார்த்துக்கொள்வது லூசியேனின் பொறுப்பு.

மற்ற மாதங்களில் சொலாஞ்ச் ரியெத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். பன்றி இறைச்சியை அதன் கொழுப்பிலேயே குழைய வேகவைத்து, நாராகப் பிரித்து, சாடியில் அடைத்து மூடுகிற வேலை. லூசியேன் பால் லாரி ஓட்டினான். இருவருக்கும் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி மற்றவர்கள்தான் வருத்தப்பட்டார்கள்.

அவளை ஊர் அறிந்தது ரியெத்தால் அல்ல, கொடியால். பந்தயப் பாதை நெடுகக் காவல் மேடைகள் இருக்கும். ஆரஞ்சு நிற உடுப்பு மாட்டிக்கொண்டு, விபத்து என்றால் மஞ்சள் கொடியும் பின்னால் வேகமான வண்டி வருகிறது என்றால் நீலக் கொடியும் காட்டுகிற தொண்டர்கள் அங்கே நிற்பார்கள். பெண்களை அந்த வேலைக்குச் சேர்க்கலாம் என்று முடிவான வருடமே அவள் போய் நின்றாள். மேசைக்குப் பின்னாலிருந்த கிழவர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"பயமா இருக்காதா, மதாம்?"

"இருக்கு. அதனாலதான் வந்தேன்."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில், பந்தயக் கார் ஒன்று சனத்துக்குள் பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்த வருடம், அவளுக்குப் பதினேழு வயது. அந்த வருடம் நடந்ததை ஊரில் யாரும் விவரித்துப் பேசுவதில்லை. 'அந்த வருஷம்' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அவளும் அன்று கூட்டத்தில் இருந்தாள். இவ்வளவு வேகமான ஒன்றுக்கும் நின்று வேடிக்கை பார்க்கிற மனுஷருக்கும் நடுவில் யாராவது ஒருவர் கண்ணை இமைக்காமல் நிற்க வேண்டும் என்று அன்றைக்கே அவளுக்குத் தோன்றியதாம். லூசியேனிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள்.

பயம் போகவில்லை. ஆனால் அதோடு சேர்ந்து வேறொன்றும் இருந்தது. அதற்கு அவளிடம் பெயர் இல்லை. பழகினால் எதுவும் சாதாரணமாகிவிடும் என்பார்கள். அவளுக்கு ஆகவில்லை. நீண்ட நேர்சாலையின் கோடியில் முதலில் இரண்டு விளக்குப் புள்ளிகள் தெரியும். அப்புறம் சத்தம் வரும். சத்தம் என்று அதைச் சொல்லக்கூடாது, நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ கையை விட்டுக் குலுக்குகிற மாதிரி இருக்கும். வண்டி கடந்துபோன பிறகுதான் காற்று வந்து முகத்தில் அறையும். ஒவ்வொரு முறையும் அவள் வாய் திறந்தபடி நிற்பாள். மேடைத் தோழன் ஜில்பேர், ஊரில் குழாய் ரிப்பேர் செய்கிறவன், இதைப் பார்த்துச் சிரிப்பான்.

"வாயை மூடு சொலாஞ்ச், ஈ பூந்துரும்."

"இந்த வேகத்துல ஈ எங்க வரும்? நீ ரோட்டைப் பாரு."

கசாலிஸ் சகோதரர்கள் அவள் வீட்டுக்கு வந்தது அவர்களுடைய முதல் பந்தயத்துக்கு. ஓவெர்ன் மலைப்பக்கத்துக்காரர்கள். விவசாயிகளுக்கு டிரெய்லர் செய்து விற்ற பட்டறை அது. அண்ணன் ஃபிர்மானுக்கு ஒருநாள் கார் செய்ய வேண்டும் என்று கிறுக்குப் பிடித்தது. தம்பி ரெமிக்கு அதை ஓட்ட வேண்டும் என்ற கிறுக்கு ஏற்கெனவே இருந்தது. இடுப்பு உயரம்கூட இல்லாத ஒரு நீல நிற வண்டி. அதன் உடம்பை ரெமியே தகடு தகடாகத் தட்டி உருவாக்கியிருந்தான். கொட்டகையில் முதன்முதலாக அதன் துணியை விலக்கியபோது லூசியேன் தொப்பியைக் கழற்றிவிட்டான். மாதாகோவிலில்கூட அவன் அதைக் கழற்ற யோசிப்பவன்.

அண்ணன் சாப்பாட்டு மேசையில் ஒன்றும் சாப்பிடமாட்டார். தம்பி அவருடைய தட்டையும் சேர்த்துக் காலி செய்வான்.

முதல் வருடம் கியர் உடைந்தது. அடுத்த வருடம் மழையில் வழுக்கிப் போய் மணலில் புதைந்தது. மூன்றாவது வருடம் என்ன ஆனது என்று அவர்களே சொல்லவில்லை. சொலாஞ்சும் கேட்கவில்லை, சூப்பை மட்டும் சூடுபண்ணி வைத்தாள்.

நான்காவது வருடம் வந்திறங்கிய அன்று மாலை ஃபிர்மான் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"மதாம், இந்தத் தடவை முடிச்சாகணும்."

"எல்லாரும் அதுக்குத்தானே வர்றாங்க, முசியே கசாலிஸ்."

"இல்ல. லெ மான்ல கடைசிவரைக்கும் ஓடின காருன்னா வாங்க ஆளு இருக்கு. ஓடாத காரை வாங்கறதுக்கு யாருக்கென்ன தலையெழுத்தா? பட்டறையில எட்டுப் பேரு இருக்காங்க. இந்தத் தடவையும் நின்னுபோச்சுன்னா திரும்ப டிரெய்லர்தான். அதுக்கு மூணு பேரு போதும்."

உள்ளே இருந்து ரெமி கத்தினான். "அண்ணே, அவங்க முயல் சமைச்சிட்டிருக்காங்க. முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு அதைக் கெடுக்காதே!"

அந்த வருடம் சொலாஞ்ச் மேடைத் தலைவியாகியிருந்தாள். அவளுடைய மேடை பாதையின் கடைசி வளைவுகளுக்குச் சற்று முன்னால். அங்கிருந்து பார்த்தால் முடிவுக் கோட்டருகே பார்வையாளர் மேடைகளின் கொடிகள் தெரியும்.

சனிக்கிழமை பந்தயம் புறப்பட்டது. ஜெர்மன்காரர்களின் வண்டிகளும் பிரெஞ்சுப் பெரிய கம்பெனியின் மஞ்சள் வண்டிகளும் முன்னால் தங்களுக்குள் ஒரு தனி யுத்தம் நடத்திக்கொண்டிருந்தன. நீல வண்டி அவற்றின் கண்ணிலேயே படாமல், யார் வந்தாலும் ஓரம் ஒதுங்கி வழி விட்டு, தன்பாட்டுக்குச் சுற்றி வந்தது. ரெமியும் கூட வந்த இன்னோர் ஓட்டுநரும் மாறி மாறி ஓட்ட, இரவு போயிற்று. விடிந்தபோது புல்லெல்லாம் பனி. பாதை நெடுக ஒதுக்கித் தள்ளப்பட்ட வண்டிகள், பெரிய பெயர்கள் பலவும் அவற்றில் இருந்தன. நீல வண்டி மட்டும், முன்விளக்கு ஒன்று அவிந்து, இருமிக்கொண்டே மறுபடியும் வந்தது.

"உன் வீட்டு விருந்தாளி இன்னும் ஓடறான்டி!" என்றான் ஜில்பேர். "முயல் கறியில என்ன போட்டே?"

"கடுகு போட்டேன். கண்ணு போடாதே, உனக்குப் புண்ணியமாப் போகும்."

ஞாயிறு பிற்பகல், எல்லாம் முடியப் போகிற நேரம். வெயில் தார் உருகும்படி அடித்தது. நீல வண்டி வளைவில் திரும்பியது. அவளுக்கு நேரெதிரே வந்தபோது சத்தம் சட்டென்று அறுந்தது. இஞ்சின் நின்றுவிட்டது. மிச்ச வேகத்தில் மெல்ல உருண்டு வந்து, புல் ஓரத்தில் நின்றது.

சொலாஞ்ச் மஞ்சள் கொடியை உயர்த்தினாள். கை தானாகவே உயர்ந்தது. 

ரெமி கதவைத் திறந்து இறங்கினான். முகமெல்லாம் கரி, அதில் கண்கள் மட்டும் சிவப்பாகத் தெரிந்தன. பின்பக்க மூடியைத் தூக்கிப் பார்த்தான், வண்டியிலேயே வைத்திருந்த கருவிப் பையை விரித்தான், குனிந்தான். நிமிர்ந்தான்.

"பெட்ரோல் பம்ப், மதாம். செத்துப்போச்சு."

அவள் கிட்டே போகவில்லை. போகக்கூடாது. பாதையில் நின்றுபோன வண்டியை ஓட்டுநர் ஒருவர்தான் தொடலாம். அவர் கையிலிருக்கும் கருவிகள்தான் கருவி. வேறு யாருடைய கையாவது பட்டால், வண்டி பந்தயத்தை விட்டு வெளியே. தள்ளிக்கொண்டு போய் முடிவுக் கோட்டைத் தாண்டுவதும் செல்லாது. வண்டி தன் பலத்தில்தான் தாண்ட வேண்டும். இருபத்துநாலு மணி நேரம் ஓடிய வண்டி, கோட்டைக் கண்ணால் பார்க்கிற தூரத்தில் நின்றுபோனால், ஓடாத வண்டி என்றுதான் கணக்கு. இது அந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

ரெமி மூடியைச் சாத்தினான். பிறகு ஏறி உட்கார்ந்து, முதல் கியரைப் போட்டு, சாவியைத் திருகினான். இஞ்சினைக் கிளப்பிவிடுவதற்காக இருக்கிற ஸ்டார்ட்டர் மோட்டார் முக்கி முனகியது. வண்டி ஒரு தவளையைப் போல் எகிறி, முன்னால் ஓர் அடி போய் நின்றது. மறுபடி திருகினான். இன்னோர் அடி.

"ஐயோ கடவுளே," என்றான் ஜில்பேர். "பேட்டரியிலேயே போகப் போறான்."

"கோடு எங்க இருக்கு, இவன் எங்க இருக்கான்!" என்றான் இன்னொருவன்.

அந்த நேரம் பார்த்து அங்கே பந்தயம் முடிந்தது. கோட்டில் கறுப்பு வெள்ளைக் கொடி இறங்கியது. முதலிடம் வந்தவர்களுக்கான ஆரவாரம் காற்றில் வந்தது. அதற்குப் பிறகும் கோடு கொஞ்ச நேரம் திறந்திருக்கும், கடைசிச் சுற்றில் இருப்பவர்கள் வந்துசேர. இந்த ஊரில் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கொடிக்காரர்கள் எல்லாரும் தங்களிடமுள்ள எல்லா நிறக் கொடிகளையும் எடுத்துக்கொண்டு சாலையோரம் வந்து, மிஞ்சி வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் வீசுவார்கள். நீ பிழைத்துவிட்டாய் என்று அதற்கு அர்த்தம். அது முடிந்ததும் சனம் தடுப்புகளைத் தாண்டிச் சாலையில் இறங்கிவிடும். ஆயிரக்கணக்கான பேர். தார் மேல் கை வைத்துப் பார்ப்பார்கள், கரைந்த ரப்பர்த் துண்டுகளைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்கள், கண்ணில் பட்ட வண்டியைத் தட்டிக் கொடுப்பார்கள். அதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை.

கடைசி வண்டி போனதும் சனம் இறங்கத் தொடங்கியது. நீல வண்டி அதற்குள் சாலைக்கு ஏறித் தவளை போல் எகிறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தவர்கள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் புரிந்தது.

"தள்ளுங்கப்பா! வாங்க, தள்ளலாம்!"

சொலாஞ்ச் விசிலை வாயில் வைத்து ஊதினாள். தன் வாழ்நாளில் அவள் அப்படி ஊதியதில்லை.

"கொடியெல்லாம் எடுங்க! சுத்தி நில்லுங்க! வெளிப்பக்கம் பார்த்து!"

ஜில்பேருக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் ஓடினான். மேடையில் இருந்தவர்கள் வண்டியைச் சுற்றி வட்டமாக நின்றார்கள், முதுகு வண்டிக்கு, முகம் சனத்துக்கு. ஒருவர் கொடிக்கம்பின் நுனியை அடுத்தவர் பிடித்துக்கொண்டார். மஞ்சள், நீலம், சிவப்பு, வெள்ளை எல்லாம் சேர்ந்து ஒரு வேலி. வண்டி ஓர் அடி எகிறும். வேலியும் ஓர் அடி நகரும். அடுத்த மேடைக்காரர்களும் ஓடிவந்து சேர்ந்துகொண்டார்கள். அவர்களில் யாரும் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்டார்ட்டரின் முக்கல் மட்டும் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே வந்தது.

"மனுஷியா நீ? பாவம் அந்தப் பையன்!" என்று ஒருத்தி கத்தினாள். சொலாஞ்சுடன் தொழிற்சாலையில் பக்கத்து இருக்கையில் சாடி மூடுகிறவள்.

"பாவம்னா தொடாதே."

"ஒரு கை கொடுத்தா குறைஞ்சா போயிரும்?"

"குறையாது. எல்லாமே போயிரும். தள்ளி நில்லு, இவெத்!"

ரெமி கதவைச் சற்றுத் திறந்து வைத்திருந்தான். உள்ளே அடுப்பு மாதிரி இருந்திருக்க வேண்டும். "மதாம், யாரையும் விட்டுறாதீங்க," என்றான். குரலே எழும்பவில்லை.

"நீ உன் வேலையைப் பாருப்பா. இதை நான் பார்த்துக்கறேன்."

வளைவைத் தாண்டினார்கள். நேர்சாலை வந்தது. இரண்டு பக்கமும் பார்வையாளர் மேடைகளில் எழுந்து நின்ற சனம். வெற்றி விழாவைப் பார்க்க வேண்டியவர்கள் இந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். கோட்டில் கறுப்பு வெள்ளைக் கொடியோடு ஓர் அதிகாரி இன்னும் நின்றார். சுவருக்குப் பின்னால் ஃபிர்மான் கசாலிஸ் இரண்டு கைகளையும் தலைமேல் வைத்தபடி நிற்பது தெரிந்தது.

முக்கல் மெலிந்தது. வண்டி கால் அடி நகர்ந்தது. அதற்கப்புறம் 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. வண்டி அசையவில்லை.

கோடு இதோ இருக்கிறது. ஒரு கொல்லைப்புற நீளம்.

ரெமி எல்லாவற்றையும் அணைத்தான். பேட்டரியைக் கொஞ்சம் சும்மா விட்டால் ஒரு மடக்கு உயிர் திரும்பும், அதற்காகக் காத்திருந்தான். ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்து, பக்கத்தில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவர்களைப் பார்த்து அடுத்தவர்கள். அந்த அமைதி பின்னால் பின்னால் பரவிப் போனது. ஒரு நாள் முழுக்க இரைந்த அந்த இடத்தில் மேடைக்கொடிகள் படபடப்பது கேட்டது.  சொலாஞ்ச் இத்தனை வருடத்தில் எத்தனையோ வேகங்களைப் பார்த்து வாய் பிளந்திருக்கிறாள். நின்றுபோன ஒரு வண்டியின் முன்னால் அப்படி நின்றது அன்றைக்குத்தான்.

அப்போதுதான் லூசியேன் வந்தான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு, தொப்பி எங்கேயோ விழுந்து, முகம் சிவந்து. மனைவியின் மேடை என்பதால் வேலிக்குள் நுழைய உரிமை உண்டு என்று நினைத்துவிட்டான். ஜில்பேரின் கைக்கடியில் குனிந்து உள்ளே வந்தே விட்டான். கொட்டகையில் நான்கு வருடமாகக் கோழி விரட்டிக் காத்த வண்டி. கை தானாகவே அதன் பின்புறத்தை நோக்கி நீண்டது.

சொலாஞ்ச் கையிலிருந்த கொடிக்கம்பை ஓங்கி அவன் மணிக்கட்டில் போட்டாள்.

'சடார்' என்று கேட்டது. லூசியேன் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

"உனக்கென்ன பைத்தியமா? நான் உன் புருஷன்!"

"தெரியும். வெளியே போ."

"உடைஞ்சிருச்சு கை!"

"உடைஞ்ச கையோடு போ!"

யாரோ சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. ரெமி தலையை நிமிர்த்தினான். சாவியைத் திருகினான்.

ஸ்டார்ட்டர் முக்கியது. வண்டி எகிறியது. மறுபடி முக்கியது. ஓர் எகிறல். இன்னோர் எகிறல், அதில் பாதிதான். கொடிவேலி கோட்டருகே பிரிந்து ஒதுங்கியது. முன்சக்கரம் கோட்டின்மேல் ஏறி நின்றது.  கடைசித் திருகலில் வந்த சத்தம் நோயாளி பெருமூச்சு விடுகிற மாதிரி இருந்தது. பின்சக்கரம் கோட்டைத் தாண்டியது. அதிகாரி கொடியை வீசினார்.

அதற்கப்புறம் எழுந்த சத்தத்தை ஆர்னாஜ் ஊர் அடுப்படிகளில் கேட்டதாகச் சொன்னார்கள்.

கொண்டாட்டம் ஆறுவதற்குள் புகார் வந்துவிட்டது. அதே பிரிவில் ஓடிய வெர்த்தியே என்ற இன்னொரு சின்னக் கம்பெனி, சனம் வண்டியைத் தள்ளியதைத் தங்கள் ஆட்கள் பார்த்ததாக எழுதிக் கொடுத்திருந்தது. அவர்களுக்கும் பட்டறையில் ஆட்கள் இருந்தார்கள். நடுவர்கள் அறைக்கு சொலாஞ்சை அழைத்தார்கள். ஃபிர்மான் சுவரோரம் சாய்ந்து நின்றார். ரெமி நாற்காலியில் தூங்கிப்போயிருந்தான்.

தலைமை நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மதாம், அந்த வண்டி உங்க வீட்டுல தங்கியிருக்குன்னு சொல்றாங்க."

"ஆமா, முசியே. நாலு வருஷமா."

"அப்போ உங்க வார்த்தையை நாங்க எப்படி எடுத்துக்கறது?"

அவளுக்கு அந்தக் கேள்வி நியாயமாகப் பட்டது. தானே அந்த நாற்காலியில் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பாள். 

"யார் கையும் படல. பட வந்த கை ஒண்ணே ஒண்ணு. அது வெளியிலதான் நிக்குது, கூப்பிட்டுப் பாருங்க."

லூசியேனை அழைத்தார்கள். ஈரத் துணி சுற்றிய கையோடு, மனைவியைப் பார்க்காமல் வந்து நின்றான். துணியை அவிழ்க்கச் சொன்னார்கள். மணிக்கட்டு கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது.

"யார் செஞ்சது?"

"இவதான்."

"நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?"

"புருஷன்," என்றான் லூசியேன் கடுப்பாக. "இருபது வருஷமா."

"உங்க கை வண்டியில பட்டுதா?"

 அறையில் இருந்த வெர்த்தியே கம்பெனிக்காரர் எட்டிப் பார்த்தார். லூசியேன் சீறினான். "எங்கே படறது? அதுக்குள்ளதான் அடிச்சுட்டாளே! ஒரு விரல் அகலம் இருந்திருக்கும். இவளைத் தாண்டி யாரு தொடறது? நீங்களே வந்திருந்தாலும் இதேதான் கிடைச்சிருக்கும்."

தலைமை நடுவர் மற்ற இரண்டு நடுவர்களையும் பார்த்தார். ஒருவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டிருந்தார். வெர்த்தியே கம்பெனிக்காரர் அந்த மணிக்கட்டைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு, "புகாரை நான் திரும்ப எடுத்துக்கறேன்," என்றார். போகிறபோது சொலாஞ்சிடம் தலை குனிந்து வணங்கிவிட்டுப் போனார்.

முடிவுப் பட்டியலில் கசாலிஸ் வண்டி கடைசி. ஆனால் பட்டியலில் இருந்தது.

மறுநாள் காலை சகோதரர்கள் வண்டியைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தார்கள். ஃபிர்மான் மேசையில் உட்கார்ந்து ஒரு முழு ரொட்டியையும் அரைச் சாடி ரியெத்தையும் சாப்பிட்டு முடித்தார். லூசியேன் காப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு முற்றத்தில் நின்றான். நேற்றிலிருந்து அவன் சொலாஞ்சோடு பேசவில்லை. வண்டி வெயிலில் கிடந்தது. கரியும் எண்ணெயும் ஒட்டிச் செத்த பூச்சிகளுமாக, ஒரு பக்கம் நசுங்கி.

அவன் அதைச் சுற்றி ஒரு சுற்று நடந்தான். இன்னொரு சுற்றும். பிறகு சமையலறை ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"மதாம் கொடிக்காரி! இப்பவாவது தொடலாமா?"

சொலாஞ்ச் ஜன்னலுக்குள்ளிருந்து அவன் கையைப் பார்த்தாள். விரலெல்லாம் வெண்ணெய்.

"கையைக் கழுவிட்டுத் தொடு," என்றாள்.